செம்புக் கம்பியும் தூத்துக்குடியும்



இம்மண்டபத்தில் எரியும் விளக்கிற்கும் சுழலும் விசிறிக்கும் மின்சாரத்தைக் கொண்டுவருவது செம்புக் கம்பியாகும். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம் செம்புக்கே உரியது. தூய செம்பை உருக்கி, 8 மில்லிமீற்றர் பருமனுள்ள கோலாக வார்த்து, ஒன்றினும் ஒன்று சிறிய துளைகளினூடாக இழுத்து மெலியச் செய்கின்றனர். இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும்; சூடேற்றினால் மீண்டும் இளகும். ஒரு தொன் செம்பை 1 மில்லிமீற்றர் பருமனில் இழுத்தால் 140 கிலோமீற்றர் நீளம் வரும். ஏறத்தாழ யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவரை!

கம்பி இழுக்கும் ஆலையால் அயலாருக்கு வரும் இடர் சிறிதே. பெருங்கேடு பிறக்குமிடம் அதற்கு முந்திய உருக்காலை. உலகிற் பெரிதும் தோண்டப்படும் செம்புத் தாதுவில் செம்பும் கந்தகமும் ஏறத்தாழச் சம எடையில் உள்ளன. அக்கந்தகப் புகையைப் பிடித்து அமிலமாக்கினால் அது விற்பனைச் சரக்கு. வெளியே விட்டாலோ ஊராரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் எரிச்சல்.

மன்னார் வளைகுடாவின் அக்கரையிலே, தூத்துக்குடியில், ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் செம்பு ஆக்கவல்ல ஸ்டெர்லைட் உருக்காலை இருந்தது. அதனை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் பணித்தது. 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, 100 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு விதித்தது. உரிய அனுமதி புதுப்பிக்கப்படாமலே ஆலை நெடுங்காலம் இயங்கியதென்று அம்மன்றமே குறித்தது. ஆயினும் மின்சாரம், பாதுகாப்பு, வாகனம் முதலிய துறைகளுக்குச் செம்பு வேண்டுமென்பதும், பலர் அங்கே பிழைப்பதும் ஆலையின் பக்கம் நின்றன.

செம்பு வேண்டுமென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆலை மூடிய பின்னர் இந்தியா தான் விற்பதினும் மிகுதியாகச் செம்பை வாங்கும் நாடாயிற்று என்பதையும் மறைக்கமாட்டோம். நாம் கேட்பது வேறு. காலாவதியான அனுமதியோடு உலை எரிந்த அந்த முதல் நாளிலே அதிகாரிகள் எங்கே இருந்தனர்?

அக்கேள்விக்கு விடை வரவில்லை. துப்பாக்கிக் குண்டு வந்தது. போராட்டத்தின் நூறாம் நாளாகிய 2018 மே 22இல் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீதும் மறுநாளும் பொலிசார் சுட்டதில் 13 உயிர்கள் மாண்டன. ஆறே நாளில், மே 28இல், ஆலையை நிரந்தரமாக மூடத் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. ஆறு நாளில் இயன்றது அத்தனை ஆண்டுகளில் ஏன் இயலவில்லை? 2020இல் உயர் நீதிமன்றமும் 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அம்மூடலை உறுதிசெய்தன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் உண்டு. குறித்துரைக்கப்பட்ட கைத்தொழில்கள் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற்று, காலந்தோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் ஊர் ஆலையின் பத்திரம் எந்நாளில் முடிகிறதென்பதை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்திலே கேளுங்கள். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது கிடைத்த பதிலைக் கொண்டுவாருங்கள். பதில் வராவிடின் கேட்ட கடிதத்தின் பிரதியைக் கொண்டுவாருங்கள்.