கிணறு வற்றினால் ஊரும் வற்றும்



நம்மில் பலரை ரயிலேற்றியது வற்றிய கிணறுதான். பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிரம் அடிக்குப் போர் போட்டார். நம் அறுபதடிக் கிணற்றில் பாறை தெரிந்தது. இலவச மின்சாரம் உண்டு. ஆனால் மோட்டார் எதை இறைக்கும்?

1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம், தன் எல்லைக்குள் உள்ள நிலத்தடி நீரை நிலச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நீர் வரப்பைப் பார்த்தா ஊறுகிறது? ஆழம் தோண்டப் பணமுள்ளவனுக்கே ஊர் நீரெல்லாம் சொந்தமாகிறது!

தமிழ்நாட்டில் 2003-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம், முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013-இல் ரத்தாயிற்று.

நாம் கேட்பது இதுதான்: நிலத்தடி நீர் ஊர்ப் பொது. போர் ஆழத்துக்கு அளவு வேண்டும். குடிநீருக்கும் சிறு விவசாயிக்கும் முதல் பங்கு வேண்டும். மே 1-இல் ஊரில் இருப்போர் கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குவோம்!