காடு வெட்டியவன் பெயர் கிராண்டில் இல்லை



பிரிக்பீல்ட்ஸ் போனால் ஜாலான் துன் சம்பந்தனைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு அமைச்சர், ம.இ.கா. தலைவர் என்பதுதான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது அவருடைய பதவியைப் பற்றி அல்ல. நிலத்தைப் பற்றி.

அவருடைய தந்தை வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்தவர். உழைத்து முன்னேறிப் பேராக் சுங்கை சிப்புட்டில் சொந்தமாக ரப்பர் தோட்டம் உண்டாக்கினார். அதே காலத்தில் கிள்ளான் வட்டாரத்தில் நம் முன்னோர்களும் காட்டை வெட்டினார்கள், கால்வாய் தோண்டினார்கள், பால்மரம் நட்டார்கள். மலேரியாவுக்குப் பலியானவர்கள் எத்தனையோ பேர். உழைப்பில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. வீராசாமியின் கையில் கிராண்ட் இருந்தது. நம் தாத்தாவின் கையில் பால் வெட்டும் கத்தி மட்டும் இருந்தது.

1919-இல் பிறந்த சம்பந்தன் இந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துகொண்டார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் சொல்வது இதைத்தான். வேலை போனது. வேலை போனால் லயத்து வீடும் போனது.

அப்போதுதான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கு, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி என்றால் அன்று சில நாள் கூலி! அமைச்சராக இருந்தபடியே சம்பந்தனும் அவர் துணைவியார் உமா சுந்தரியும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளைச் சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூலி என்று அழைக்கப்பட்டவன் தோட்டத்துக்குப் பங்காளி ஆனான்.

தந்தை விட்டுச்சென்ற சொத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்வில் செலவழித்த சம்பந்தன், 1979 மே 18-ஆம் தேதி, 59 வயதில் காலமானார்.

ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது? நகரம் நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறியது. கூட்டுறவு எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியுமா? சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. நாலு தலைமுறை வாழ்ந்தவனைப் புறம்போக்குவாசி என்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞனாகச் சொல்கிறேன். தேசிய நிலச் சட்டத்தின்படி அரசு நிலமானாலும் தனியார் நிலமானாலும் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் மட்டும் அது உங்களுடையது ஆகாது. கிராண்டில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர். கசப்பாக இருக்கிறதா? எனக்கும் கசப்புதான். இதைத் தெரிந்துகொண்டுதான் நாம் போராட வேண்டும்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, தாத்தா பாட்டியின் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். கூட்டுறவுப் பங்குச் சான்றிதழ் இருந்தால் சங்கத்திடம் போய்க் கேளுங்கள். அது அவர்கள் வேர்வைப் பணம்.

இரண்டு, சம்பளச் சீட்டு, இ.பி.எப். கணக்கு, பிறப்புப் பத்திரம், தண்ணீர் பில் எதையும் தூக்கி எறியாதீர்கள். எத்தனை காலம் வாழ்ந்தீர்கள், உழைத்தீர்கள் என்று காட்ட இவைதான் சாட்சி. மாற்று வீடோ இழப்பீடோ கேட்கும்போது வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது.

மூன்று, வெளியேறும் கடிதம் வந்தால் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாக் குடும்பமும் சேர்ந்து ஒரே குரலில் பேசுங்கள்.

பத்து வெள்ளி தனியாக இருந்தால் ஒரு வாரச் செலவுக்குப் போதாது. ஊரே சேர்த்துப் போட்டதால் அது தோட்டமாக நின்றது. நம் தாத்தாக்கள் காட்டிய வழி இது. வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.