வெண்மை வேறு, சுத்தம் வேறு



வெள்ளையாய்ப் பளபளப்பதெல்லாம் சுத்தமென்று நம்மில் அனேகர் எண்ணுகிறோம். அது எவ்வளவு தப்பு என்பதற்கு எலுமிச்சம்பழம் ஒன்றே போதும்.

ஸ்வீடன் தேசத்தில் ஷீலே என்றொருவர் இருந்தார். சர்வகலாசாலையில் படித்தவரல்ல. 14 வயதில் மருந்துக் கடையில் வேலைக்கு அமர்ந்து, அங்கிருந்த புத்தகங்களைக் கொண்டே ரசாயனம் கற்றவர். அவர்தான் 1784-ல் எலுமிச்சைப் புளிப்பைக் கல்கண்டுபோல் கட்டியாகப் பிரித்தெடுத்தார்.

சாற்றைச் சும்மா சுண்டக் காய்ச்சினால் பாகுதான் மிஞ்சும். பசையும் சர்க்கரையும் கூடவே நிற்கின்றன. ஆகையால் காய்ச்சிய சாற்றில் சீமைச் சுண்ணாம்புத் தூளைப் போட வேண்டும். புளிப்பு சுண்ணாம்போடு சேர்ந்து மண்டியாய் அடியில் தங்கும். அதை வடிகட்டி வெந்நீரில் கழுவ வேண்டும். ஏனெனில், இந்த மண்டி பச்சைத் தண்ணீரில் கரைகிற அளவுகூட வெந்நீரில் கரையாது. பசையோ வெந்நீரோடு போய்விடும். பிறகு தண்ணீர் கலந்த கந்தகத் திராவகத்தை மண்டியில் விட்டால், அது சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு ஜிப்சமாய் நிற்கும். அதை வடிகட்டி, தெளிந்த நீரைச் சுண்டவைத்து ஆறவிட்டால் கட்டிகள் விளையும்.

மோசம் வருவது இங்கேதான். கட்டிகள்மேல் கந்தகத் திராவகம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, அதற்கு நிறமில்லை. நாக்குக்கும் தெரியாது, அதுவும் புளிப்பு, இதுவும் புளிப்பு. நாக்கையோ அது புண்ணாக்கிவிடும்.

ஆகவே கழுவ வேண்டும். ஆனால் குடம் குடமாய் ஊற்றினால் அழுக்கோடு சரக்கும் கரைந்துபோகும். பனிக்கட்டிபோல் குளிர்ந்த தண்ணீரைச் சிறிது விட்டு வடியவிட்டு, மறுபடியும் சிறிது விட வேண்டும். ஒரே தடவை நிறைய ஊற்றுவதைவிடச் சிறிது சிறிதாய்ப் பல தடவை ஊற்றுவதே நலம். அதுவும் காய்ச்சி வடித்த நீராயிருக்க வேண்டும். எந்த ஆற்று நீரும் அதன் பெயரால் சுத்தமாகிவிடாது.

கழுவியது போதுமா என்று யாரைக் கேட்பது? கழுவின தண்ணீரையே கேளுங்கள்! அதில் சிறிது உப்புத் திராவகமும், பேரியம் குளோரைடு கரைசல் இரண்டு சொட்டும் விட்டால், கந்தகத் திராவகம் இருக்குமானால் வெள்ளையாய்க் கலங்கும். கலங்காதவரையில் கழுவ வேண்டும் என்பதல்ல; கலங்குகிறவரையில் கழுவ வேண்டும். பேரியம் விஷமாதலால், சோதித்த நீரைக் கட்டிகளோடு சேர்க்கலாகாது.

கலங்கல் நின்றாலும் காரியம் முடிந்துவிடவில்லை. மேலே ஒட்டியது கழுவினால் போகும். கட்டி விளையும்போது உள்ளே சிக்கியது எத்தனை முழுக்குப் போட்டாலும் போகாது. முழுவதையும் கரைத்து, வடிகட்டி, மறுபடியும் விளையவிட வேண்டும்.

வாலிபர்களே! திராவகத்தைத் தொடுவதானால் தெரிந்தவர் மேற்பார்வையில் கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யுங்கள். செய்ததை வாயில் போடாதீர்கள். எவனாவது வெள்ளைப் பொடியைக் காட்டிச் சுத்தமான மருந்தென்று விற்க வந்தால், அதன் நிறத்தைப் பாராதீர்கள்; பரீட்சை எங்கே என்று கேளுங்கள். இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.