தோட்டச் சொற்களும் இணையப் பட்டியல்களும்



இணையப் பக்கங்களை ஆக்கும் எச்.டி.எம்.எல். மொழியில் பட்டியல்கள் மூவகைப்படும். பேராவின் பழைய இரப்பர்த் தோட்டங்களின் பெயர்களுக்குப் புள்ளிப் பட்டியலே போதும். எண்ணிட்டால் இல்லாத ஏற்றத்தாழ்வு தோன்றிவிடும். பால் வெட்டுதல், சேகரித்தல், அமிலமிட்டு உறையவைத்தல், தகடாக்கிப் புகையூட்டல் எனும் வேலைமுறைக்கோ எண்வரிசை இன்றியமையாதது. (௧, ௨, ௩ எனத் தமிழெண்களையும் உலாவி தானே இடும், நம்மவர் ஏனோ அதனை நாடுவதில்லை.)

நமக்கு மிகவும் வேண்டியது மூன்றாவதான விளக்கப் பட்டியலே. ‘பெரட்டு’ என்பது விடியலில் தொழிலாளரைக் கூட்டிப் பெயர் குறித்தல். ‘மங்கு’ பால் வடியும் கிண்ணம். ‘ஒட்டுப்பால்’ வெட்டுப்பட்டையில் காய்ந்து ஒட்டியது. ஈப்போ நகரில் வளரும் பிள்ளைக்கு இவை இன்று அயற்சொற்கள். சொல்லையும் பொருளையும் உரிய குறியீட்டால் பிணைத்தால், திரைவாசிப்பான் வழியே கேட்கும் பார்வையற்ற மாணவருக்கும் அவ்வுறவு எட்டும். வெறும் சிறுகோடிட்டு எழுதினால் அது கண்ணுள்ளோர்க்கு மட்டுமே புலப்படும்.