கோட்டைக்கு உள்ளே, வெளியே, நடுவே
(சுதந்திர தின விழாவில், நம் குடியிருப்பின் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கொடியேற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாயும் கொடுத்தாயிற்று. வெயில் ஏறுவதற்குள் பேசி முடித்துவிடுகிறேன்.

போன வாரம் நம் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளின் நாடக ஒத்திகை நடந்தது. வேலூர் சிப்பாய்ப் புரட்சிதான் கதை. ஜமேதார் ஷேக் காசிம் வேடத்துக்கு ஐந்து பிள்ளைகள் போட்டி போட்டார்கள். கில்லெஸ்பியாக நடிக்கவும் ஆள் கிடைத்தது, குதிரை இருக்கிறதே! முஸ்தபா பேக் வேடம் மட்டும் ஒரு பையன் தலையில் வந்து விழுந்தது. மறுநாள் அவன் வரவில்லை. லிஃப்டில் பார்த்துக் கேட்டேன். "எல்லாரும் என்னைத் துரோகின்னு கூப்பிடறாங்க தாத்தா" என்றான். அவனுக்கு அங்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது சொல்லப் பார்க்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தில் புது உத்தரவு வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே மாதிரி கத்தரிக்க வேண்டும். கூடவே ஒரு புதுத் தலைப்பாகை, அதில் தோலில் செய்த குஞ்சம். அது எந்த மிருகத்தின் தோல் என்பதுதான் சிப்பாய்களின் சந்தேகம். மாடா, பன்றியா? ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலை நம்பியே வாழும் ஊர்க்காரர்கள் நாம். கையில் தொட்டதும் ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று சொல்லிவிடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அன்றைய சிப்பாய்க்கு அப்படி யாரும் சொல்லவில்லை. மே மாதத்தில் மறுப்புத் தெரிவித்தவர்களுக்குச் சவுக்கடிதான் பதிலாகக் கிடைத்தது.

ஜூனில் முதல் ரெஜிமெண்டைச் சேர்ந்த முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரியிடம் போய், சதி நடக்கிறது என்று சொன்னார். அதிகாரி அதை விசாரிக்கும்படி இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். சதியில் இருந்தவர்கள் அவர்களிலும் உண்டு. இவனுக்குப் பைத்தியம் என்று அவர்கள் சொன்னார்கள். முஸ்தபா பேக்கைக் காவலில் வைத்தார்கள்.

1806 ஜூலை 9 அன்று, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு குடும்பத்தில் ஒரு திருமணம். சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே பேட்டையில், மனைவி மக்களோடு இருப்பவர்கள். மறுநாள் காலை அணிவகுப்பு என்பதால் அன்றிரவு பலர் உள்ளேயே தங்கினார்கள். விடியும் முன் துப்பாக்கிகள் வெடித்தன. தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். படுக்கையிலும் மருத்துவமனையிலும் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் உட்பட நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மைசூர்க் கொடி ஏறியது. ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்து பிழைத்தார். அந்தக் காலையைப் பின்னால் எழுதியும் வைத்தார்.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் ஆங்கில அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். சுமார் 25 கிலோமீட்டர் தூரம். கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். வந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் இல்லை. சென்னைக் குதிரைப்படையின் இந்திய வீரர்களும் வந்தார்கள். கதவைப் பீரங்கியால் உடைத்துத் திறந்ததும் உள்ளே போய் வாள் வீசியவர்களில் அவர்களும் உண்டு. உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் அதே கம்பெனியின் சம்பளம்தான். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லித்தானே நாம் எல்லாரும் வளர்ந்தோம்? அவர்களில் எத்தனை பேர் அதை நினைத்துப் போனார்கள், எத்தனை பேர் பயந்து போனார்கள் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

நடுவில் இருந்தவர்களும் உண்டு. பேட்டைக்காரர்கள். சிலர் கொள்ளையில் கலந்துகொண்டார்கள். சிப்பாய்களே சண்டையை விட்டுவிட்டுச் சூறையில் இறங்கியதால்தான் கோட்டை கைநழுவியது என்பார்கள். ஆனால் பேட்டையில் கதவைச் சாத்திக்கொண்டு, புருஷன் உள்ளே என்ன ஆனானோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த பெண்கள் அவர்களைவிட அதிகம் இருந்திருப்பார்கள். அவர்கள் கம்பெனிப் பக்கமா, திப்பு பக்கமா? அடுப்புப் பக்கம், தொட்டில் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். பிடித்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை நடத்தி, சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். மூன்று பட்டாலியன்களின் எண்களே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அன்று விடுப்பில் ஊருக்குப் போயிருந்தவனின் பட்டாலியனும் அதுதான். திப்புவின் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். தலைப்பாகை உத்தரவு அதே மாதத்திலேயே ரத்தானது. மறு வருடம் கவர்னர் பெண்டிங் பிரபுவையும் தளபதி கிரடோக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். முஸ்தபா பேக்குக்குப் பணமும் ஓய்வூதியமும் கிடைத்தன.

இனி அந்தப் பையனுக்கு. தம்பி, முஸ்தபா பேக் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூண் ஷேக் காசிம் போன்றவர்களுக்காகத்தான், அது அங்கேதான் நிற்க வேண்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் சதிக்காரர்கள் தூக்கில் தொங்கியிருப்பார்கள். அவர் பேச்சைக் கேட்டு உத்தரவையும் வாபஸ் வாங்கியிருந்தால், ஜூலை 10 அன்று செத்த அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள். இரண்டையும் தீர்மானிக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை, மேலே இருந்தவர்கள் கையில் இருந்தது. அவர் உயிரைப் பணயம் வைத்து ஒரு செய்தியைச் சொன்னார், அவ்வளவுதான். அதைக் காசுக்காகச் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா, உப்புக்காகச் சொன்னாரா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேடம். ஷேக் காசிமாக நடிப்பதைவிட அது கஷ்டம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "துரோகி" என்ற சொல்லை அந்தப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. பராமரிப்புக் கட்டணத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதவர்களை நம் வாட்ஸ்அப் குழுவில் என்னவென்று அழைத்தோம் என்று ஒரு தடவை மேலே தள்ளிப் பாருங்கள். எழுதியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் டீ கொடுத்தார்கள்.

நாடகம் வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு. அந்தப் பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் மேடைக்கு வரும்போது முதல் கைதட்டல் பெரியவர்களிடமிருந்து வரட்டும்.