பாலம் 46 நாளில், ஊர் எப்போது?

(ஆண்டிபட்டியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

நம் ஊருக்கு அருகே வைகை அணையில் தேங்கும் தண்ணீர் கிழக்கே ராமநாதபுரம் சீமைக்கு ஓடுகிறது. அந்தச் சீமையின் கோடியில், கடலுக்குள் இருப்பது பாம்பன் தீவு. ராமேஸ்வரம் என்றதும் கோயிலும் தீர்த்தமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே உழைத்துப் பிழைக்கும் ஜனங்களின் கதையை இன்று பேசுவோம்.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தீவின் தென்கிழக்கு முனையான தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. வெள்ளைக்காரன் புண்ணியம் தேடியா இதைச் செய்தான்? சரக்குப் போக வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போக வேண்டும். கங்காணி தந்த முன்பணத்தை நம்பி, நம்மைப் போன்ற நிலமற்றவர்கள் மூட்டை முடிச்சுகளோடு அந்த வழியே போனார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை அழித்தன. பயணிகளோடு வந்த ரயிலையே அலை அடித்துக்கொண்டு போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களும் கடலில் விழுந்தன.

பாலம் 46 நாளில் சீராயிற்று. பொறுப்பேற்ற என்ஜினீயர் ஸ்ரீதரனை நாடே பாராட்டியது, நாமும் பாராட்டுகிறோம். ஆனால், கொந்தளித்த கடலில் நின்று இரும்பைத் தூக்கி நிறுத்திய தொழிலாளிகளில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

சரி, பாலத்துக்கு 46 நாள். ஊருக்கு எத்தனை நாள்? தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. ஆனால் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். கீற்றுக் கொட்டகை போட்டார்கள், மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தார்கள், வலை விரித்தார்கள். அரை நூற்றாண்டு கழிந்த பிறகு, 2017-ல்தான் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதில் சுற்றுலா வண்டிகள் வரிசையாக வந்தன.

தோழர்களே! பாலமும் வேண்டும், சாலையும் வேண்டும். நாம் அவற்றுக்கு எதிரிகள் அல்ல. ஆனால் புயலில் வீடிழந்தவன் சாலைக்காக 53 ஆண்டு காத்திருந்ததை மறக்கலாமா? நாளை நம் கிராமத்தில் அளவுக் கல் நடும்போதும், ஆலையில் புது இயந்திரம் இறக்கும்போதும், "இங்கே இருப்பவனுக்கு என்ன வழி?" என்று முதலில் கேட்போம். தனியாளாகக் கேட்டால் அது ஒரு மனு. ஆகவே, சங்கமாகச் சேர்ந்து கேட்போம்!