தாய்மாமன் குடும்பத்தில் சேர்த்தி இல்லையா?

(மட்டாஞ்சேரியில் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சின்னது போலத் தோன்றும். விடுமுறைக்குக் கொச்சிக்கு வந்த பையனை ஊருக்கு ரயிலேற்றி அனுப்புவது. இதெல்லாம் ஓர் அரசியல் பிரச்சினையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மே மாதக் கடைசியில் நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடியதும் தென்காசி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். ஒருவனுடைய தகப்பன் இங்கே மூட்டை தூக்குகிறார். இன்னொருவனுடைய மாமன் துணி வெளுக்கிறார். வேறொருவனுடைய சித்தப்பா மிளகுக் கிடங்கில் நிற்கிறார். வரும்போது யாராவது துணைக்கு வருவார்கள். திரும்பும்போதுதான் தொல்லை. பள்ளி திறக்குமுன் எல்லோரும் ஒரே வாரத்தில் போயாக வேண்டும். கூட்டிப்போக வேண்டியவருக்கு லீவு கிடையாது.

நம் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அக்காள் மகன், பதினான்கு வயது, தகப்பன் இல்லாத பையன். படிக்க வைப்பவர் மாமன்தான். ஊர்க் கொடைக்குப் போகலாமென்று தோழர் தன் பேரில் ஒரு டிக்கட் எடுத்து வைத்திருந்தார்; உறுதியான டிக்கட். கடைசி நேரத்தில் கிடங்கில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, நம் இடத்தில் பையன் போகட்டும், ஊர்க்காரர் ஒருவர் அதே வண்டியில் போகிறார், பார்த்துக்கொள்வார் என்று பேர் மாற்றக் கவுண்டருக்குப் போனார்.

"பையன் உங்களுக்கு என்ன உறவு?"

"அக்காள் மகன்."

"அப்படியானால் மாற்ற முடியாது."

அந்தக் கவுண்டர்காரர் மேல் குற்றமில்லை, தோழர்களே. கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களும் நாம்தான். உள்ளே உட்கார்ந்து டிக்கட் கொடுப்பவர்களிலும் நாம் இருக்கிறோம். உள்ளே இருந்தபோது இதே பதிலை நாமும் பலருக்குச் சொல்லியிருக்கிறோம். விதி அப்படி. வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னால் எழுதிக் கொடுத்தால், உறுதியான டிக்கட்டைக் குடும்பத்தில் ஒருவர் பேருக்கு மாற்றலாம். குடும்பம் என்றால் யார்? தகப்பன், தாய், சகோதரன், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி. பட்டியல் அதோடு முடிந்தது. தாய்மாமன் இல்லை. அத்தை, சித்தப்பா இல்லை. தாத்தாவும் பாட்டியும்கூட இல்லை!

காது குத்த மாமன் மடி வேண்டும். கல்யாணத்துக்கு மாமன் சீர் வேண்டும். பையன் ரயிலேற மட்டும் மாமன் அந்நியரா? வேடிக்கை என்னவென்றால், கல்யாண கோஷ்டியாகச் சேர்த்து எடுத்த டிக்கட்டில் ஒரு வரம்புக்குள் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் போகலாம். அங்கே யாரும் உறவு கேட்பதில்லை.

தோழர் டிக்கட்டை ரத்து செய்தார். பிடித்தம் போக மீதி வந்தது. பையன் பேரில் எடுத்தது வெயிட்டிங் லிஸ்ட். இரண்டு நாள் தட்கலுக்கு நின்றார், கிடைக்கவில்லை. ஆம்னி பஸ்காரர் கேட்ட தொகை அவருடைய பல நாள் கூலி. பள்ளி திறந்துவிட்டது. பையன் சும்மா இருக்கிறானே என்று கிடங்கில் மூட்டைக்கு எண் போட விட்டார்கள். கையில் கொஞ்சம் காசும் கொடுத்தார்கள். பதினோரு நாள் கழித்து ஊருக்குப் போனான். பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் போகும்போது, "மாமா, நான் இங்கேயே வேலைக்கு இருந்துவிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நம்மை உறுத்துவது அந்தக் கேள்விதான். அப்படிக் கேட்டு இங்கேயே நின்றுவிட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருக்கிறோம்!

பையனின் வயதையும் பாருங்கள். பன்னிரண்டு முடிந்தால் ரயில்வேக்கு அவன் முழு ஆள், முழுக் கட்டணம். அதே பையன் பிளாட்பாரத்தில் தனியாக நின்றால், பதினெட்டு முடியாதவன் குழந்தை என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்புப் படையினர் விசாரிப்பார்கள், குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கவும் செய்வார்கள். அது சரியான காரியமே. பிள்ளை பிடிக்கிறவர்களும் இதே ரயிலில்தான் வருகிறார்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: அவன் குழந்தை என்றால், அவனுக்குத் துணை கிடைக்கவும் வழி செய்ய வேண்டாமா?

முன்பு துணைக்குப் போனவர் பாட்டி. 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணம். 2020 மார்ச்சில் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். தொற்று போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. அறுபது நாள் முன்னதாக டிக்கட் எடு என்கிறார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவர் அறுபது நாளுக்கு அப்பால் எப்படித் திட்டம் போடுவார்?

வண்டியும் பக்கத்தில் இல்லை. ஒரு காலத்தில் வில்லிங்டன் தீவின் ஹார்பர் டெர்மினஸிலிருந்தே தமிழ்நாட்டுக்கு வண்டி புறப்பட்டது. பழைய வெண்டுருத்தி ரயில் பாலம் பழுதான பிறகு பயணி வண்டி நின்றது. 2018-இல் சிறு வண்டி ஒன்று விட்டுப் பார்த்து அதையும் நிறுத்தினார்கள். செங்கோட்டை மலைப்பாதை அகலப்பாதையாக்க 2010-இல் மூடப்பட்டு 2018-இல்தான் முழுதாகத் திறந்தது. அந்த வழியே போகும் பாலருவி எக்ஸ்பிரஸை எர்ணாகுளம் நார்த்தில் பிடிக்க வேண்டும். அது தென்காசியில் இறக்கிவிடுவது விடியுமுன். அந்த இருட்டில் ஒரு பிள்ளை தனியாக இறங்கலாமா?

தோழர்களே, இதே மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் துறைமுக வேலைக்குச் சாப்பா என்ற உலோக வில்லையைக் கூட்டத்தில் வீசுவார்கள். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்றைய வேலை. அதை எதிர்த்த தொழிலாளிகள் 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி துப்பாக்கிக்கு மார்பு காட்டினார்கள்; உயிரும் கொடுத்தார்கள். காலை பதினொரு மணிக்குத் தட்கல் திறக்கும்போது அந்தச் சாப்பாதான் நம் நினைவுக்கு வருகிறது. அன்று உயிர் போனது, இன்று டிக்கட்தான் போகிறது. இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் பாய்ந்து பிடிப்பவனுக்கே பிழைப்பு என்பது முறையல்ல என்று இந்த ஊர் அன்றே சொல்லிவிட்டது.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. பேர் மாற்றும் விதியில் மாமன், அத்தை, சித்தப்பா, பெரியப்பா, தாத்தா, பாட்டி ஆகியோரையும், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகச் சேர்க்க வேண்டும். முதியோர் சலுகையைத் திரும்பத் தர வேண்டும். பள்ளி திறக்கும் வாரத்தில் பகலில் போகும் சிறப்பு வண்டி விட வேண்டும். மனுவில் இன்றே கையெழுத்துப் போடுங்கள்.

மனு பலிக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே, யார் எந்தத் தேதியில் ஊருக்குப் போகிறார்கள், யாருடைய பிள்ளையைச் சேர்த்து அனுப்பலாம் என்று சங்கத்தில் ஒரு நோட்டு வைப்போம். பிள்ளையின் கையில் அடையாள அட்டையும், தாயோ தகப்பனோ எழுதிய கடிதமும், இரண்டு தொலைபேசி எண்களும் இருக்கட்டும். 139, 1098 இரண்டையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். பகல் வண்டியில் இடம் கிடைத்தால் அதிலேயே அனுப்புங்கள்.

டிக்கட் கிடைக்கவில்லை என்பதற்காக நம் பிள்ளை எவனும் இனிக் கிடங்கில் நிற்கக் கூடாது. நாம் நின்றது போதும்.